கோலாக்காய் பிளக்க ஒருவர்

"கூடையை இறக்கி வை, தங்கச்சி. என்ன அவசரம்?"

சோதனைச் சாவடிக் காவலர் துப்பாக்கியை மடியில் கிடத்தியபடியே கூறினார். ஒன்யெமா பணிவுடன் கூடையை இறக்கினான். அவன் அணிந்திருந்த தலைத்துணியும் இடுப்புத்துணியும் அவனுடைய அக்காளுடையவை.

நைஜீரியாவிலிருந்து பிரிந்து பயாஃப்ரா தனி நாடாகி மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. மீசை அரும்பிய எவனையும் சாவடியிலேயே பிடித்துப் போர்முனைக்கு அனுப்பிவந்தார்கள். அவனுடைய அண்ணன்மார் இருவரும் அவ்வாறு போய்த் திரும்பாதவர்கள். எஞ்சிய ஒருவனையாவது காப்பாற்ற எண்ணிய தாயார், அவனுக்குப் பெண்வேடமிட்டு மாமன் ஊருக்கு அனுப்பியிருந்தார்.

"ரொம்ப உசரமா இருக்கியே."

"எங்க அப்பா உசரம்ண்ணே," என்றான் குரலை மென்மையாக்கிக்கொண்டு.

"புருஷன்?"

"சண்டைக்குப் போயிருக்காரு."

"கொடுத்து வெச்சவரு. இந்த வெயில்ல உன்கூட நடக்க வேண்டியதில்ல."

ஒன்யெமா சிரித்துவைத்தான். பஞ்சத்தில் மெலிந்த எல்லோரையும் போலவே காவலரும் தம் சட்டைக்குள் பாதி தொலைந்துபோயிருந்தார். அவர் பையிலிருந்து ஒரு கோலாக்காயை எடுத்து, சிறிய மரத்தட்டில் வைத்து நீட்டினார்.

"வேண்டிக்கிட்டு நீயே பிள."

விருந்தினருக்கு வைக்கும் கோலாக்காயைக் கடவுளை வேண்டிப் பிளந்து பகிர்வது ஆணின் வேலை. அவர்களுடைய இக்போ இனத்தில் எந்தப் பெண்ணும் அதற்குக் கைநீட்டமாட்டாள். காவலர் தன்னைச் சோதிக்கிறார் என்பதில் அவனுக்கு ஐயமில்லை.

"பொம்பளை கோலா பிளக்கிறதா? நல்லாச் சொன்னீங்கண்ணே, ஊரே சிரிக்கும். நீங்க பிளந்து எனக்கு ஒரு துண்டு குடுங்க."

"நான் பிளக்கக் கூடாது."

"ஏண்ணே?"

காவலர் சாலையின் இரு புறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தச் சட்டை என் புருஷனோடது. அவரு காய்ச்சல்ல நினைவில்லாம கிடக்காரு. சாவடியில ஆள் இல்லேன்னா, ஓடிட்டாருன்னு சொல்லிச் சுட்டுடுவாங்க. அவரு பிழைக்கணும்னு வேண்டிக்கிட்டுப் பிள, தம்பி. காலையில இருந்து இந்த ரோட்டுல வந்த முதல் ஆம்பளை நீதான்."