நாலாயிரம் முகங்கள்

"கேமரா வேணுமாம், லென்ஸ் வேணுமாம், திரைச்சீலை வேணுமாம். ப்ளேட் மட்டும் வேண்டாமாம்! அவனுக்கா என் ஸ்டூடியோ? போய்ட்டு வாப்பான்னு அனுப்பிச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, மோர் ஊற்றும்படி சௌரிராஜன் சைகை காட்டினார். மனைவி மரகதவல்லி ஊற்றவில்லை.

"புத்தூர்லேர்ந்து வந்தானே, அந்த பரக்கத் அலியையா? கேட்ட விலையைத் தரேன்னானே! யுத்தத்துல பேப்பர் வரலை, படம் கழுவற மருந்து வரலை, கடையை வித்துடலாம்னு சொன்னது யாரு?"

"விக்கறேன்னேன். வீசி எறியறேன்னு சொன்னேனா?"

"அந்த ப்ளேட்டை எவன்தான் கேப்பான்?"

"தெரிஞ்சவன் கேப்பான். நீ மோரை ஊத்து."

தெப்பக்குளத்துக்கு எதிரே மாடியில் இருந்த 'ராயல் சௌரி ஸ்டூடியோ'வில் இருபத்தெட்டு வருஷமாகப் படம் பிடித்துச் சேர்ந்த கண்ணாடி நெகடிவ் ப்ளேட்டுகள் நாலாயிரம் இருந்தன. திருச்சியில் பெரிய மனிதர் என்று பெயரெடுத்த ஒவ்வொருவரும் அவற்றில் ஏதாவது ஒன்றில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பதினாறு ராவ் பகதூர்கள், இரண்டு ஜமீன்தார்கள், எண்ணிக்கைக்கு அடங்காத வக்கீல்கள். எல்லாருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, அது சௌரிராஜனுடையது. சர்க்கார் அவர்களுக்குப் பட்டம் கொடுப்பதற்கு வெகு காலம் முன்பே கோட்டுக் கொடுத்துக் கௌரவித்தவர் அவர். ஆகவே ஊரின் பெருமை தம் அலமாரியில்தான் பத்திரமாக இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்த நாலாயிரம் முகங்களின் அருமை தெரிந்த ஒருவன் வரவேண்டும். வராவிட்டால் கடை விற்பனைக்கு இல்லை.

கார்த்திகை கடைசியில் வந்தார் அடைக்கலராஜ் என்பவர். நாற்பது வயது, கையில் குடை. கேமராவை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே அலமாரிப் பக்கம் போனார்.

"ப்ளேட்டு எத்தனை இருக்குங்க, சாமி?"

சௌரிராஜனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நாலாயிரம்."

"ஒண்ணு எடுத்துப் பார்க்கலாங்களா?"

நடுவில் விரல் படாமல், ஓரங்களை மட்டும் பிடித்து ஒன்றை எடுத்தார் அடைக்கலராஜ். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடடா! ஒரு கீறல் இல்லையே. சுத்தமான சீமைச் சரக்கு."

"அது யாரு தெரியறதோ? பெரிய ராவ் பகதூர்..."

"யாரா இருந்தா என்னங்க? எல்லாம் ஒரே அளவா இருக்கு பாருங்க, அதுதான் விசேஷம்."

"பிடிச்சுட்டீரே! கலைஞனுக்கு ராவ் பகதூரும் ஒண்ணுதான், குமாஸ்தாவும் ஒண்ணுதான். இருபத்தெட்டு வருஷத்துல இதை ஒருத்தன் சொன்னதில்லை!"

"நாங்க பாலக்கரையில மூணு தலைமுறையா..." என்று ஆரம்பித்தார் அடைக்கலராஜ்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்! நீர் ப்ளேட்டைத் தூக்கின அழகே சொல்லிடுத்து. ரசிகனுக்கு விலாசம் எதுக்கு?"

"சரிங்க சாமி. யுத்தம் ஆரம்பிச்சதுலேர்ந்து இதுக்குத்தான் அலையறேன். மெட்ராஸ் வரைக்கும் போயிப் பார்த்தாச்சு. இந்தத் தரம் எங்கயும் கிடைக்கல."

"கிடைக்காது. கிடைக்கவே கிடைக்காது" என்றார் சௌரிராஜன். "ஆனா ஒண்ணு. வாங்கிண்டு போய் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடப் படாது."

"ஐயையோ! போட்டு வைக்கிறதுக்கா காசு குடுக்கிறேன்? ஊர் ஊராப் போகும் சாமி. ஒவ்வொரு வீட்லயும் சுவத்துல மாட்டி, சாம்பிராணி காட்டிக் கும்பிடுவாங்க."

சௌரிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. வக்கீல்களை ஜனங்கள் கும்பிடுவார்கள் என்று அவரேகூட எதிர்பார்த்ததில்லை. ஆனால் கலையின் மகிமையை யார் கண்டது?

"அந்தப் புத்தூர்க்காரன் சொன்ன விலையில பாதி கொடும், போதும்" என்றார். "கேமராவையும் எடுத்துக்கும்."

"அது எனக்கு எதுக்குங்க?"

"எடுத்துக்கும்யா! ஆனா ஒரு ப்ளேட்கூட உடையப் படாது. சத்தியம் பண்ணும்."

"உடைஞ்சா நஷ்டம் எனக்குத்தானே, சாமி!"

இப்படிச் சொல்கிறவனுக்குச் சத்தியம் வேறு எதற்கு என்று தோன்றிவிட்டது சௌரிராஜனுக்கு. மறுநாளே பத்திரம் எழுதிக் கையெழுத்தாயிற்று. வைக்கோல் பரப்பிய இரண்டு மாட்டு வண்டிகளில் ப்ளேட்டுகள் ஏறின. தேருக்கு வடம் பிடித்துக் கொடுத்தவர்போல வாசலில் நின்ற சௌரிராஜன், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் காதில் விழட்டும் என்று உரக்கக் கேட்டார்:

"ஏன்யா, ஜனங்க இதையெல்லாம் எப்போ தரிசனம் பண்ணலாம்?"

"வைகுண்ட ஏகாதசிக்குள்ள தயாராயிடும் சாமி" என்றார் அடைக்கலராஜ், வண்டியில் ஏறிக்கொண்டே. "இன்னிக்கே வெந்நீர்ல சோடாக் காரம் போட்டு ஊறவெச்சா, மேல ஒட்டியிருக்கிற மூஞ்சியெல்லாம் கழண்டு வந்துடும், அப்புறம் சுத்தமான கண்ணாடிதானே! ஸ்ரீரங்கம் வர்ற கூட்டத்துக்கு நாலாயிரம் நம்பெருமாள் படம் ஃப்ரேம் போட்டு வித்துடுவேன்."

அன்று சாயங்காலம், "கடைசியில கடையை யார்தான் வாங்கினா?" என்று மரகதவல்லி கேட்டபோது, சௌரிராஜன் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து சொன்னார்:

"சாட்சாத் நம்பெருமாள்!"