ஆமினாம்மாவின் நான்கு வரிகள்

தமிழர் பலரும் இந்தியே பேசும் தீவில், நவுசோரி சந்தையில் சனிக்கிழமை காலை. யார் வேண்டுமானாலும் தான் கட்டிய கவிதையைச் சொல்லலாம் என்று தமிழ்ச் சங்கம் மைக் வைத்திருக்கிறது. கத்தரிக்காய் விற்கும் ஆமினாம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, ரேவா ஆற்றோடு போன மகனைப் பற்றித் தமிழில் நான்கு வரிகள் சொல்கிறார். கடைசி வரியில் குரல் உடைகிறது. தகரக் கூரை ஓட்டையின் வெயில் அவர் கன்ன ஈரத்தில் மின்னுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். சங்கச் செயலாளர் பொன்சாமியும் தட்டுகிறார்.

"வெளங்கிச்சா தம்பி?" என்று ஆமினாம்மா அவரிடம் கேட்கிறார்.

"நல்லா வெளங்கிச்சும்மா."

வீட்டுப் பேச்சுத் தமிழில் சில வாக்கியங்கள் மட்டுமே அறிந்த பொன்சாமிக்கு அந்த வரிகளில் புரிந்தவை இரண்டே சொற்கள்: மகன், தண்ணி.

"அப்ப இந்தியில சொல்லுப்பா. எம் மருமவளுக்குத் தமிழ் தெரியாது."

கைக்குழந்தையோடு நிற்கும் மருமகள் பொன்சாமியின் வாயையே பார்க்கிறாள். பொன்சாமி தலையைக் குனிந்துகொண்டு, மைக்கில் அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிறார்.