கஸ்டர்டில் கலந்தது

மனைவி சின்னத்தாய் வெள்ளை மாத்திரை ஒன்றைக் கரண்டியின் முதுகால் நசுக்கிப் பொடியாக்குவதைக் கதவிடுக்கு வழியாகச் சுடலை பார்த்துவிட்டான். பொடியைக் கஸ்டர்டில் தூவி, தடம் தெரியாமல் கலக்கினாள்.

அவனுக்குப் பயம் வரவில்லை. 'சரிதான்' என்று மட்டும் தோன்றியது.

சூரியநெல்லி இறக்கத்தில் மூடுபனிக்குள் ஜீப் உருண்டபோது ஓட்டியவன் அவன். வெளியே தெறித்து விழுந்து அவன் பிழைத்தான்; பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஆர்த்தி பிழைக்கவில்லை. அதன்பின் அவன் அழவில்லை, வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓடையில் எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

சின்னத்தாய் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்போதுதான் அதற்குக் காரணம் புரிந்ததுபோல் இருந்தது.

"இந்தாங்க, சாப்புடுங்க."

வாங்கி, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வை."

அவன் வாயிலிருந்து சொல் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோறு இறங்காத தொண்டையில் கஸ்டர்ட்தான் இறங்கியது. சின்னக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமைப்பவள் அவள்; விதவிதமாகச் செய்வாள். ஒருநாள் ஆறின பாலில் கஸ்டர்ட் பவுடரைக் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறுவாள். பக்கத்து லயத்து வீட்டுச் சாந்தம்மாளின் மாடு கன்று போட்டபோது, சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து இட்லிப் பானையில் அவித்தாள். எதைச் செய்தாலும் கடைசியில் பொடி விழுந்தது. சுடலை தெரிந்தேதான் தின்றான்.

ஆனால் சாவு வரவில்லை. ஒருநாள் ஏலக்காய் மணத்தது. இன்னொரு நாள் கூரையில் மழை பெய்வது காதில் விழுந்தது.

நேற்று அவள் சர்க்கரையைப் பொன்னிறம் தாண்டும்வரை உருக்கிக் கிண்ணத்தில் ஊற்றினாள். அதன்மேல் முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, ஆவியில் வைத்தாள்.

"தீ கூடுனா ஓட்ட ஓட்டயாப் போயிரும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஆறியதும் தட்டில் கவிழ்த்தாள். பழுப்புப் பாகு நாலாபக்கமும் வழிந்தது. அந்தப் பாகுக்காக ஆர்த்தி அம்மாவோடு மல்லுக்கு நிற்பாள்.

ஒரு வாய் வைத்ததும் சுடலையின் கண்ணிலிருந்து நீர் கொட்டத் தொடங்கியது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. விஷம் கண்ணில்தான் முதலில் ஏறும்போல என்று நினைத்துக்கொண்டான். சின்னத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இன்று காலை ஆஸ்பத்திரி நர்ஸ் சிவசங்கரி வீட்டுக்கு வந்திருந்தாள். அடுக்களையில் அவள் பேசுவது சுடலைக்குக் கேட்டது.

"அக்கா, அவர்கிட்டச் சொல்லாம மனசுக்கான இந்த மாத்திரையக் கலந்து குடுக்கது சரியில்லன்னு டாக்டர் சொல்லுதாரு. நிறுத்திரலாமா?"

சின்னத்தாயின் குரல் உடைந்து வந்தது.

"நிறுத்திராதீங்க சிஸ்டர். நேத்துத்தான் அவுகளுக்கு அழுகையே வந்துச்சு."