சத்தம் வராத கத்தி

பூட்டு, கத்தி, கத்தரிக்கோல் விற்கும் அந்தச் சின்னக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரம்மாவுக்கு ஒரு பெருமை உண்டு. வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே, எந்த வேலைக்குக் கத்தி வாங்குகிறார் என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அன்று காலை வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"மடக்குக் கத்தி இருக்காம்மா? தினம் பாக்கெட்லயே வெச்சுக்கிற மாதிரி. விலை கம்மியா."

"இருக்கு சார். இதுக்கு முன்னாடி என்ன வெச்சிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. இதான் முதல்."

"முதல் கத்திக்குப் பணத்தைக் கொட்ட வேணாம். கை பழகட்டும்" என்று மூன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

மரப்பிடி போட்டது பார்க்க அழகு. ஆனால் பூட்டு கிடையாது. கொஞ்சம் அழுத்தினால் மடங்கி, விரலைப் பதம் பார்த்துவிடும். கட்டைவிரலால் தள்ளினாலே திறப்பது இன்னொன்று, விலை மூன்று மடங்கு. மூன்றாவது துருப்பிடிக்காத எஃகு, மூன்று அங்குலம், திறந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். அவர் அதைத்தான் எடுத்தார்.

"தோல் கெட்டியா இருந்தாலும் இறங்குமா?"

"இறங்கும். என்ன தோல் சார், செருப்பா, பெல்ட்டா?"

அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "கழுவினா கறை போயிடுமா? வாடை நிக்காதே?"

கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கத்தியைத் திறந்தார். 'டக்'கென்று பூட்டு விழுந்தது. அவரே தூக்கிவாரிப் போட்டதுபோல் நின்றார்.

"இந்தச் சத்தம் வராம கிடைக்காதா? பக்கத்து ரூம்ல என் வீட்டம்மா படுத்திருப்பா. மத்தியானம் அவ கண் அசர்ற அரை மணிதான் எனக்குக் கிடைக்கிற நேரம்."

"வீட்ல காய் நறுக்குற கத்தி இருக்குமே?"

"அதை எடுத்தா மாட்டிக்குவேன்" என்று சிரித்தார். "முப்பது வருஷம் அவ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டியாச்சும்மா. இனிமே நம்மால ஆகாது."

எந்த வேலைக்கு வாங்குகிறார் என்று கடைக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் வராத கத்தி, அதே விலையில், கீழ் இழுப்பறையில் இரண்டு கிடந்தன.

"இந்த விலைக்குச் சத்தம் வராதது கிடையாது சார்" என்று கூசாமல் பொய் சொன்னாள். பிறகு கேரண்டி அட்டையை நீட்டி, வீட்டு போன் நம்பரை எழுதச் சொன்னாள்.

அவர் எழுதினார். "ஆனா போன் மட்டும் பண்ணிடாதீங்க. அவதான் எடுப்பா."

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போலீசுக்குச் சொல்லலாம்தான். கத்தி விற்கிறவளே, கத்தி வாங்கினவர் மேல் புகார் கொடுத்தால் ஸ்டேஷனே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த நம்பரைச் சுழற்றினாள்.

ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். மறுமுனையில் அழுகை வெடிக்கும் என்று எதிர்பார்த்தாள்.

"கத்தி எத்தனை அங்குலம்?" என்றது ஒரு நிதானமான குரல்.

"மூணும்மா. நீங்க உடனே யார் வீட்டுக்காவது போயிடுங்க."

"எங்கே போறது... இப்ப என்கிட்ட சொன்னதை, நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா அப்படியே சொல்வீங்களா அக்கா?"

"கோர்ட்ல ஏறிக்கூடச் சொல்வேன்."

"அது போதும்" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் கடை திறந்த கையோடு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நேற்று மத்தியானம் 'டக்'கென்ற சத்தம் கேட்டு அந்தம்மா கண் விழித்திருக்கிறாள். திறந்த கத்தியோடு கணவர் நெருங்கி வந்திருக்கிறார். கைக்கு எட்டிய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வீசியிருக்கிறாள். ஒரே அடி. ஆள் அங்கேயே காலி.

தோல், கறை, வாடை, அரை மணி என்று கடைக்காரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கேரண்டி அட்டையையும் கொடுத்து, வாக்குமூலத்தில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"தற்காப்புதான், கேஸ் நிக்காது" என்றார் இன்ஸ்பெக்டர் எழுந்துகொண்டே. "சத்தம் வர்ற கத்தியாப் பார்த்துக் கொடுத்தீங்களே, அங்கேதான் உங்க மூளை வேலை செஞ்சிருக்கு. ஒரு உயிரைக் காப்பாத்திட்டீங்க."

கடைக்காரம்மா அன்று முழுக்க, வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து, ஜாமீனில் வந்த கையோடு அந்தம்மா கடைக்கே வந்தாள். ஒல்லியான, அமைதியான பெண்மணி. கண்ணாடி மேல் ஒரு துணிப்பையை வைத்தாள். உள்ளே ஐந்து மாம்பழங்கள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"வீட்ல இருந்ததுதான் அக்கா. அவருக்குச் சர்க்கரை. இதைக் கண்ணாலகூடப் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குத் தெரியாம பரண் மேல ஒளிச்சு வெச்சிருந்தார். இப்பதான் எல்லாம் நல்லாப் பழுத்திருக்கு."

கடைக்காரம்மாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அப்போ அன்னிக்கு... அந்தக் கத்தியோட அவர்..."

அந்தம்மா தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தியை நான் தொடவே இல்ல அக்கா, இன்னொரு கையில இருந்த பழத்தை மட்டும்தான் எடுத்தேன்."