இதைவிடப் பெரிய அறை

“இதைவிடப் பெரிய அறை ஏதும் காலியா இல்லையா?” என்று கேட்டுவிட்டு, தினமும் இப்படிக் கேட்டுப் பழகியவன் போல டேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் புன்னகை மாறாமல், “எங்ககிட்ட இருக்கறதுலயே இதுதான் சார் பெருசு,” என்றாள்.

“பரவாயில்லை. அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்.”

அவன் தன் மீன்பிடிப் படகை விற்றுத்தான் இந்த அறையை எடுத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. காலில் மின்னிய ஷூவும் டயர் கடையில் தன்னோடு வேலை செய்யும் மிக் என்பவனிடம் இரவல் வாங்கியது. ஓர் அளவு சிறியது. கோல்ட் கோஸ்ட்டின் பணக்காரர்கள் எல்லாம் கொஞ்சம் நொண்டித்தான் நடப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டால் சரி.

பின்னால் டெஸ்ஸாவும் ஆர்ச்சியும் தங்கள் பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். விவாகரத்துக்குப் பிறகு பள்ளி விடுமுறையில் ஒரு வாரம்தான் பிள்ளைகள் அவன் பங்கு. அந்த ஒரு வாரத்தில் கோட்டை விடக் கூடாது என்றுதான் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டான்.

சொந்த ஊரான டூவூம்பாவில் லாரி டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து அவனும் மிக்கும் அலசாத ஹோட்டல் இல்லை. கடைசியில் மூன்று மிஞ்சின. நெடுஞ்சாலை ஓரத்து மலிவு மோட்டல்; சமையலறை வைத்த நடுத்தர விடுதி; ராட்டினப் பூங்காவுக்குள் போகத் தனி வாசலே வைத்திருக்கும் இந்த மாளிகை.

“மோட்டல் வேண்டாம். அங்க நாம குழாயைத் திறந்தா பக்கத்து அறையில தண்ணி கொட்டும்னு ரிவ்யூல போட்டிருக்காங்க,” என்றான் டேரன்.

“அப்ப நடுவுல உள்ளதைப் பிடி. உன் மூஞ்சிக்கு அதுவே அதிகம்,” என்றான் மிக்.

“ஈஸ்டருக்கு ஜூலியன் பசங்களை எங்கயோ கூட்டிட்டுப் போயிருக்கான்டா.” ஜூலியன் பல் டாக்டர். டேரனின் முன்னாள் மனைவி ரெபெக்காவின் இந்நாள் கணவன். “நீச்சல் குளத்துல இவங்களைத் தவிர ஆளே இல்லையாம். தனிக் குளம். ஆர்ச்சி படுக்கப் போறதுக்குப் படியேறிப் போனானாம். அறைக்குள்ளயே மாடி.”

மிக் நீளமாக விசில் அடித்தான். “டேய், விட்டுடு. டயர் மாத்தறவன் பல் டாக்டர்கூட மல்லுக்கட்ட முடியுமா?”

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் படகு பிழைத்திருக்கும்.

அறைக்குள் நுழைந்ததும் டேரன் சுற்றிக்காட்ட ஆரம்பித்தான். கட்டிலருகே ஒரு பொத்தானை அமுக்கினான். திரை தானாக விலகி, கண்ணாடிக்கு வெளியே ராட்டினங்கள் தெரிந்தன. “பாத்தீங்களா?” என்று இன்னொன்றை அமுக்கினான். திரை மூடி, விளக்குகளும் அணைந்து, அறை கும்மிருட்டானது. எதை அமுக்கியும் வெளிச்சம் வரவில்லை. கீழிருந்து ஆள் வந்து சரிசெய்தபோது மூன்று பேரும் தடவித் தடவி ஒரே மூலையில் சேர்ந்திருந்தார்கள்.

பிறகு உருளைக்கிழங்கு வறுவல் வெள்ளித் தட்டில் வந்தது. ஆளுக்கு நாலு துண்டு தேறும். ஆர்ச்சி கம்பளம் அழுக்காகிவிடும் என்று ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டே நடமாடினான். டெஸ்ஸா கட்டிலின் விளிம்பில், பேருந்துக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குப்பா,” என்றாள் டெஸ்ஸா. ஊசி போட்டுக்கொண்டே ‘வலிக்கலை’ என்று சொல்கிற குரல்.

இதற்கு மேலும் டேரன் எதை விற்பது? கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சபதம் போட்டுக்கொண்டு வந்ததைக் கேட்டே விட்டான்.

“ஜூலியன் கூட்டிட்டுப் போன இடம் இதைவிட நல்லா இருந்துச்சா? உண்மையைச் சொல்லுங்க, அப்பா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது ரோட்டோரத்து மோட்டல்ப்பா,” என்றான் ஆர்ச்சி. “அடுக்குக் கட்டில். மேல் தட்டு எனக்கு.”

“ஒரே மழை. குளத்துக்கு நாங்க மட்டும்தான் போனோம்,” என்றாள் டெஸ்ஸா.

டேரன் நாற்காலியில் சரிந்தான். தான் முதலில் கழித்துக்கட்டியதைப் போலவே ஒரு மோட்டல். பல் டாக்டர் போயும் போயும் அங்கேயா தங்கினான்? மெல்ல மெல்ல அவன் முகம் மலர்ந்தது. விற்ற படகுகூட அந்த நிமிடம் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை நாளும் பார்க்காத புலியைப் பார்த்துப் பயந்திருக்கிறான். அது வெறும் பூனை. இரவல் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, காலை நீட்டி, வாய்விட்டுச் சிரித்தான்.

“கஞ்சப் பய. ஊரார் பல்லைப் பிடுங்கிச் சேத்து வெச்சு என்ன பிரயோஜனம்?”

“கஞ்சமெல்லாம் இல்லப்பா,” என்று டெஸ்ஸா வேகமாகக் குறுக்கிட்டாள். “அம்மா இந்த ஹோட்டலைத்தான் சொன்னாங்க. ஜூலியன்தான் மாட்டேன்னுட்டாரு. நாங்க அவர்கிட்ட சரியாப் பேசறதே இல்லன்னு அவருக்கு வருத்தம்.”

“அதுக்கும் மோட்டலுக்கும் என்ன சம்பந்தம்?”

டெஸ்ஸா அவன் எறிந்த ஷூவை எடுத்து ஜோடியாக வைத்தாள்.

“‘உங்க அப்பாவா இருந்தா எங்க தங்குவாரு?’ன்னு எங்ககிட்ட கேட்டுட்டுத்தான் அங்க கூட்டிட்டுப் போனாரு.”