அந்த மனுஷனுக்கு வியர்க்கும்

"உடம்புச் சூட்டுக்குக் கம்பளியா? யார் காதுல பூ சுத்துறீங்க?" என்றாள் வந்த இரண்டு பெண்களில் இளையவள்.

மெத்தைக் கடைக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே ஒரு கம்பளி விரிப்பைப் போட்டால் அது வியர்வையைக் குடித்து வெளியே விட்டுவிடும், முதுகு காய்ந்தே இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். ஆடு கோடையிலும் அதைத்தானே போட்டுக்கொண்டு திரிகிறது என்றும் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். கணவனுக்கு உடம்பு கொதிக்கிற அடுப்பு. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிடுவான்; இவளுக்குப் பல் கிட்டிக்கும். பத்து நாளாக ஹால் சோபாவில்தான் படுக்கை. நேற்று ஆபீசில் மேனேஜர் பேசப் பேசக் கண் அயர்ந்துவிட்டாளாம். இப்படியே போனால் அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாள்.

"அதெல்லாம் பேசாத. நான் எதுக்கு வந்திருக்கேன்?" என்று கூட வந்த பெரியவள் முன்னால் வந்தாள். நாற்பதைத் தாண்டிய, கண்டிப்பான முகம்.

விரிப்பைப் புரட்டினாள், முகர்ந்தாள், நான்கு மூலையிலும் இருந்த எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாள். மெல்லியதை ஒதுக்கினாள். மனுஷன் படுக்கிற இடத்தில் ஒரே வாரத்தில் பள்ளம் விழுந்துவிடுமாம். தடிமனானதைக் கட்டிலில் விரிக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தாள். ஒரு காலை மடக்கி, ஒரு கையைப் பக்கத்துத் தலையணை வரை நீட்டினாள்.

"அச்சு அசல் அவரேதான் அக்கா," என்று இளையவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மிச்சமிருந்த இடத்தில் அவளையும் படுக்கவைத்துப் பார்த்த பிறகே பெரியவள் எழுந்தாள். அதோடு விடவில்லை. ஆளுக்கொரு போர்வை வேண்டும், குறட்டை விட்டால் இடது தோளைத் தட்டினால் போதும், கம்பளியைத் துவைக்காமல் நிழலில் காற்றாட விட வேண்டும் என்றெல்லாம் வரிசையாகச் சொல்ல, இளையவள் ஒன்று விடாமல் போனில் குறித்துக்கொண்டாள்.

கடைக்காரர் நெகிழ்ந்து போனார். தலையணை உறைக்கே நாத்தனாரும் அண்ணியும் கடை அதிரச் சண்டை போடுவதைப் பார்த்தவர் அவர். இளையவள் காரை எடுத்து வரப் போனதும், விரிப்பைச் சுருட்டியபடியே மனதில் பட்டதைச் சொன்னார்.

"தம்பி குடும்பத்து மேல எவ்வளவு அக்கறைம்மா உங்களுக்கு. இப்படி ஒரு நாத்தனார் கிடைக்க அந்தப் பொண்ணு கொடுத்து வெச்சிருக்கணும்."

"நாத்தனாரா?" பெரியவள் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "நான் அந்த மனுஷனோட முதல் சம்சாரம். விவாகரத்து வாங்கி மூணு வருஷமா நிம்மதியாத் தூங்கிட்டு இருக்கேன். இவளும் விட்டுட்டுப் போயிட்டான்னா, அவர் நேரா என் வீட்டுக்குத்தானே வருவார்?"