ஐந்து மணிக்குள் ஒரு பதில்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற கதைதான். கதையில் வருகிற பெண்ணுக்குத்தான் அந்த மாலை லேசில் முடியவில்லை.

அவள் பேருந்துப் போக்குவரத்து அலுவலகத்தில் புள்ளிவிவர எழுத்தர். எதற்கும் கட்டம் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுப்பாள் என்பதால், அங்கே அவளுக்குப் பெயரே கட்டக்காரி.

பொதுக்கொள்கை முதுகலை படிக்க இரண்டு இடங்களில் அவளுக்குச் சேர்க்கை கிடைத்திருந்தது.

ஒன்று, உள்ளூரில் மாலை வகுப்பு. வேலை கையை விட்டுப் போகாது.

மற்றது, கடல் கடந்த பேர்பெற்ற பல்கலைக்கழகம். முழு உதவித்தொகை. ஆனால் வேலையை விட்டாக வேண்டும்.

இரண்டுக்கும் அன்றைக்கு ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மணி நாலரை.

திரையில் முப்பது கட்டங்கள். மதிப்பெண்ணைக் கொஞ்சம் மாற்றினால் இது ஜெயித்தது, இன்னும் கொஞ்சம் மாற்றினால் அது.

எலக்ட்ரீஷியனான கணவன், வேலை இடத்தில் ஏணியில் நின்றபடியே போனில் கூப்பிட்டான்.

“என்னைக் கட்டிக்க முடிவு பண்ணவே மூணு கட்டந்தானே போட்ட? இதுக்கு ஏன் முப்பது?”

அவள் சிரிக்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்டான். ஆமாம் என்றாள். எங்கே போனாலும் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

‘பாடத்தின் தரம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்பலாமென்று, கடல் கடந்த பல்கலைக்கழகம் அனுப்பியிருந்த முதல் வாரப் பாடத்தைத் திறந்தாள்.

ஏதோ ஒரு நகரம் ஏழு பேருந்துத் தடங்களை நிறுத்திய கதை. ஊர்ப்பெயர் இல்லை. செலவு குறைந்தது, மக்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, எல்லா நகரங்களும் இப்படிச் செய்யலாம் என்று புகழ்ந்து எழுதியிருந்தார்கள்.

ஆதாரமாக ஓர் அட்டவணை. நிறுத்திய தடங்களில் வந்த புகார்கள்: பூஜ்ஜியம்.

அட்டவணையை அவள் இன்னொரு முறை படித்தாள். ஏழு தடங்களின் எண்களும் அவளுக்கு மனப்பாடம்; எல்லாம் அவள் ஊர்த் தடங்கள்.

அவள் ஊர்ப் பேருந்துகளில் புகார்ப் புத்தகம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கயிற்றில் தொங்கும். அதில் எழுதினால்தான் அது புகார். பேருந்து நின்றதும் புத்தகமும் போய்விட்டது. அவள் நிரப்புகிற மாத அறிக்கைப் படிவமோ காலிக் கட்டத்தை ஏற்காது; ஏதாவது ஓர் எண் போட்டாக வேண்டும்.

மாலை வகுப்புக்குப் போனால் இதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கப் போவதில்லை; அந்தப் பாடம் நடப்பது கடல் கடந்த வகுப்பில்தான்.

மணி நாலு ஐம்பத்தெட்டு.

கடல் கடந்த இடத்துக்குச் சம்மதம் என்று அழுத்தினாள்.

எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டது திரை. ஒரே ஒரு வரி எழுதினாள்.

‘உங்கள் முதல் வாரப் பாடத்தில் இருக்கிற அந்தப் பூஜ்ஜியத்தைப் போட்டவள் நான்.’

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு மனிதர்கள் கை காட்டுகிற இடத்தில் பேருந்து நிற்கட்டும். போனவர்கள் எல்லோரும் பொழுதோடு வீடு வந்து சேரட்டும்.